மழை பெய்தால் சூடாகும் எஞ்சின்

இப்போதெல்லாம் ரயில் எஞ்சினே தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறதாம். எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் தண்ணீர்ச் சூடு எவ்வளவு, எண்ணெய் அழுத்தம் எவ்வளவு என்று ஷெட்டில் உட்கார்ந்திருப்பவரின் கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடுமாம். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக அமைந்த இளம் இன்ஜினியர் சொன்னார். "நீங்கள்லாம் இதெல்லாம் இல்லாம எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். எங்கள் காலத்து எஞ்சின் வாயைத் திறக்காது, டிரைவர் திறப்பார், அவர் சொல்வதில் பாதி பொய்யாக இருக்கும், எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை என்றேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. பேச்சு அதோடு நின்றது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆரணிக்காரன். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணி. பட்டுப்புடவை ஆரணி இல்லை. இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல் உண்டு. நான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நைனாவின் ஆசை. நானோ ஐ.டி.ஐ. படித்து, கரி எஞ்சின் ஷெட்டில் சுத்தியல் பிடித்து, அறுபதுகளின் கடைசியில் டீசல் எஞ்சின்கள் வந்ததும் அதற்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரி எஞ்சினில் எது பழுதானாலும் முதலில் ஓங்கி அடிப்போம். டீசலில் எது பழுதானாலும் முதலில் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க வேண்டும். அந்தக் கையைக் கட்டுவதற்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி.

மெட்ராஸுக்கு வடக்கே, தண்டவாளத்தை ஒட்டி இருந்த எங்கள் ஷெட்டில் என்னைக் கூலிங் வாட்டர் கேங்கில் போட்டார்கள். எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர், அதை ஓட்டும் பம்பு, அதை ஆற்றும் ரேடியேட்டர், இவைதான் எங்கள் பொறுப்பு. வீட்டில் போய்ச் சொன்னேன்.

"இன்னா வேலடா உனுக்கு அங்க?" என்றார் நைனா.

"எஞ்சினுக்குத் தண்ணி பாக்கற வேல, நைனா. அது சூடாவாம பாத்துக்கணும்."

"தண்ணி காட்டறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? நம்மூட்லயே ரெண்டு எரும கீதே."

எங்கள் ஃபோர்மேன் பெயர் தேவசகாயம். திருநெல்வேலிப் பக்கம். டீசல் ஷெட்டுக்குள் வெள்ளைச் சட்டையோடு வந்தவன் மறுநாள் காக்கிக்கு மாறிவிடுவான். அவர் தினமும் வெள்ளை முழுக்கைச் சட்டையில் வருவார், அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். ஒன்றையும் தொடாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாவற்றையும் தொடுவார், தடவுவார், முகர்வார். பேண்ட்டின் வலது பையில் ஒரு கைக்குட்டை, இடது பையில் ஒரு கைக்குட்டை. வலதுபக்கத்தது முகத்துக்கு. இடதுபக்கத்தது எஞ்சினுக்கு.

அவர் கத்த மாட்டார். எல்லோரையும் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார். கரி ஷெட்டில் அம்மாவையும் அக்காவையும் இழுத்து வசவு வாங்கிப் பழகிய எங்களுக்கு அந்த மிஸ்டர்தான் பெரிய வசவு. ஒரு பழுதைச் சொல்ல நான் போனால் நேராகப் பதில் வராது. கேள்விதான் வரும்.

"நீரு பார்த்தது என்ன, மிஸ்டர் மூர்த்தி?"

"வாட்டர் பம்பு போயிடுச்சு சார்."

"அது நீரு நினைச்சது. பார்த்ததைச் சொல்லும்."

"பம்புக்குக் கீழ தண்ணி சொட்டுது சார்."

"ஆங். இது பார்த்தது. இப்போ நினைச்சதைச் சொல்லும்."

எங்கள் கேங்குக்கு மேஸ்திரி காதர் பாய். இந்தக் கதையை அவர் வீட்டில் போய் ரசித்துச் சொல்லியிருக்கிறார். அது வினையாகப் போயிற்று. ஒருநாள் மனைவியிடம், "உன் தம்பிதான் என் சைக்கிள் பம்பை எடுத்துக்கினு பூட்டான்" என்று சொல்ல, அந்த அம்மாள் அடுப்படியிலிருந்தே, "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்று கேட்டாராம். "ஷெட்ல ஒரு ஃபோர்மேன், ஊட்ல ஒரு ஃபோர்மேன். ஒரே பேஜாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார் காதர் பாய்.

இனி எத்திராஜ். கரி எஞ்சினில் பேர் போன டிரைவர். பெரிய மீசை, கணீர்க் குரல். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தபோது அவரை டீசலுக்கு மாற்றினார்கள். அவருக்கு டீசல் பிடிக்கவில்லை. கரி எஞ்சினில் கரி அள்ளும் ஷவலைக் கழுவி, நெருப்பு வாயில் நீட்டி, முட்டை பொரித்துத் தின்றவர்கள் அவர்கள். சோற்றுப் பாத்திரத்தைக் கொதிகலனின் தலைமேல் வைத்தால் சாப்பாட்டு நேரத்தில் ஆவி பறக்கும்.

"இது இன்னா எஞ்சினு?" என்று எங்களிடம் வந்து பொருமுவார். "இத்தினி எண்ண குடிக்குது, ஒரு டீ போட வக்கில்ல. துண்ற சோறு அய்ஸா கீது. நெருப்பு இல்லாத எஞ்சினு, அடுப்பு இல்லாத ஊடு, ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் ஓட்டியது ஒரு கூட்ஸ் வண்டி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போது புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கு இரும்பும் கரியும் கொண்டுபோகும் வண்டி. அதற்கென்று ஒரே எஞ்சின், பெரும்பாலும் ஒரே டிரைவர். வழியில் பொன்னேரியில் மெயில் வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரத் தண்டவாளத்தில் வெகுநேரம் நிற்கும். நின்றுதான் வண்டி போகிறதோ, போய்த்தான் நிற்கிறதோ என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள்.

ஓர் ஐப்பசி மாதம் அந்த எஞ்சின் சூடாக ஆரம்பித்தது.

பொன்னேரி தாண்டிக் கவரைப்பேட்டைக்கு முன்னால் மணி அடித்து, சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மேல் கொதித்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஆனால் டிரைவர் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். எஞ்சினைத் தண்டவாளத்தின்மேல் ஆற விட்டு, மறுபடி ஓட்டி, சாயங்காலம் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எத்திராஜ் இறங்கிவந்து என் முன்னால் நின்றார்.

"இன்னா மூர்த்தி, தண்ணி பாக்கற லட்சணம் இதுதானா?"

எங்களுக்கு ரோஷம் வந்தது. அடியில் ஆள் இறங்கிப் பார்க்கக் குழி வெட்டிய தண்டவாளத்தில் எஞ்சினை நிறுத்தி வேலையைத் தொடங்கினோம். தண்ணீரை இறக்கிப் பார்த்தோம். மருந்து கலந்த தண்ணீர், நிறம் மாறவில்லை, எண்ணெய்ப் படலம் இல்லை. பம்பைக் கழற்றினோம். நன்றாக இருந்த பம்பை எடுத்துவிட்டு அதைவிட நன்றாக இருந்த இன்னொன்றை மாட்டினோம். இருபுறமும் ரேடியேட்டரின் தகட்டு இடுக்குகளில் காற்று பீய்ச்சி, தண்ணீர் பீய்ச்சி, தூசி, வைக்கோல், ஒரு சிட்டுக்குருவிக் கூட்டின் மிச்சம் எல்லாவற்றையும் எடுத்தோம்.

அந்த எஞ்சினின் அமைப்பை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ரேடியேட்டர் எஞ்சினின் கடைசிப் பகுதியில், இரண்டு பக்கச் சுவரிலும் இருக்கும். நடுவில், கூரைக்கு அடியில், ஒரு பெரிய விசிறி படுத்த வாக்கில் சுழலும். அது பக்கங்களிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, ரேடியேட்டரின் சூட்டை வாங்கிக்கொண்டு, கூரையில் உள்ள கம்பி வலை வழியாக வானத்தைப் பார்த்து ஊதித் தள்ளும். அந்த வலைக்குமேல் கையை நீட்டினால் அனல் அடிக்கும். வலையும் சுத்தமாகத்தான் இருந்தது. கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

பிறகு லோட் பாக்ஸ் சோதனை. எஞ்சினை நிற்க வைத்தபடியே முழுப் பளுவும் கொடுத்துப் பார்ப்பது. அது உண்டாக்குகிற மின்சாரத்தை வெளியே உள்ள கம்பிச் சுருள்களில் விட்டு எரித்துவிடுவோம். எஞ்சின் உறுமுகிற உறுமலில் கேன்டீன் மேசையில் டீ கிளாஸ் நடந்துபோகும். அந்த உறுமலிலும் தண்ணீர் சூடு ஏறவில்லை. எஞ்சின் தேறிவிட்டது என்று அனுப்பினோம்.

மறு வாரம் அதே இடத்தில் நின்றது. இந்த முறை சூட்டை உணர்ந்து மணியடிக்கும் சுவிட்சுகளை மாற்றினோம். விசிறியை ஓட்டும் கிளட்ச்சைப் பிரித்து மாட்டினோம். லோட் பாக்ஸில் மறுபடி தேறியது. எத்திராஜ் சரியாக ஓட்டவில்லையோ என்று ஃபோர்மேனுக்குச் சந்தேகம் வந்து, லோகோ இன்ஸ்பெக்டர் ஒருவரைக் கூடவே அனுப்பினார். அவர் கும்மிடிப்பூண்டிவரை போய், சாப்பிட்டு, திரும்பினார். மாமியார் வந்த வீட்டில் புது மருமகள் நடந்துகொள்வதுபோல எஞ்சின் நடந்துகொண்டது. "நல்ல டிரைவர், நல்ல எஞ்சின், உங்க ஷெட்லதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த முறை நின்றபோது அதன் பின்னால் மெயில் வண்டி மாட்டிக்கொண்டது. மெயிலில் யாரோ பெரிய மனிதர் இருந்திருக்கிறார். இரும்புக்குக் காத்திருந்த தொழிற்சாலை ஒன்றும் மேலிடத்துக்குப் புகார் செய்தது. இரண்டு இடியும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. ஒழுங்காகப் பழுது பார்க்காததற்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எனக்கு மெமோ வந்தது. அந்த வருஷம்தான் நான் சார்ஜ்மேன் பரீட்சை எழுதித் தேறி, பதவி உயர்வு உத்தரவுக்குக் காத்திருந்தேன். மெமோ நிலுவையில் இருந்தால் உத்தரவு வராது. பெண் வீட்டாரிடம் 'மாப்பிள்ளை சார்ஜ்மேன்' என்று நைனா சொல்லி முடித்தும் விட்டார்.

ஃபோர்மேன் எங்கள் எல்லோரையும் அந்த எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கூட்டினார். எத்திராஜும் இருந்தார்.

"யாரும் எதையும் நினைக்க வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்க. மிஸ்டர் எத்திராஜ்?"

எத்திராஜ் மீசையைத் தடவினார். "பாத்தது சேப்பு லைட்டு சார். நெனச்சது, இந்த மூர்த்தி வேல செய்யல."

"நினைச்சதைக் கேக்கல. மிஸ்டர் காதர்?"

காதர் பாய் தயங்கினார். "காக்கா சார்."

"என்ன காக்கா?"

"இந்த எஞ்சினு உள்ள வந்தா காக்காவும் கூடவே வருது சார். மேல குந்திக்கினு ஒரே கத்தல். காக்கா கத்தினா விருந்தாளி வருவாங்கன்னு சொல்லுவாங்க. இங்க மெமோதான் வருது."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் சிரிக்கவில்லை. "மிஸ்டர் மூர்த்தி?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒவ்வொரு தடவையும் எஞ்சின் நனைஞ்சு வந்துது சார்."

"நனைஞ்சா?"

"மழையில சார். இன்ஸ்பெக்டர் போன அன்னிக்கு மழ இல்ல."

ஃபோர்மேன் இரண்டு பைகளிலும் கையை விட்டுக்கொண்டார். "மே மாசத்துல என்ன ஆச்சு?"

"மே மாசம் ஒண்ணுமே ஆவல சார்."

உச்சி வெயிலில் சமர்த்தாக ஓடிய எஞ்சின், ஐப்பசி மழையில் கொதிக்கிறது. பாடப் புத்தகத்தில் இல்லாத வியாதி.

"ஜுரம் சார்" என்றார் காதர் பாய் மெதுவாக. "மனுசனுக்கும் மழயிலதான் வருது."

எத்திராஜுக்கு அப்போது பெரிய இருமல் வந்தது. டியூட்டிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து ஃபோர்மேன் மழைக்குக் காத்திருந்தார். மழையோ, நின்றது நின்றதுதான். அவர் ஆபீசிலிருந்து வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார், உள்ளே போவார், மறுபடி வருவார். நாற்று விட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது நைனாவின் முகம் அப்படித்தான் இருக்கும். கடைசியில் ஒரு காலை வடகிழக்கு கறுத்தது. என்னைக் கூப்பிட்டார்.

"குடை இருக்கா, மிஸ்டர் மூர்த்தி? வாரும்."

எஞ்சினில் ஏறப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் வண்டியின் வாலுக்கு, கார்டு இருக்கும் பெட்டிக்குப் போனார். கார்டு பதறி எழுந்து, "எஞ்சின்ல சவுகரியமா போவலாமே சார்?" என்றார்.

"கடைசியில உட்கார்ந்தாத்தான் முழு வண்டியும் தெரியும்" என்றார் ஃபோர்மேன்.

முன்னால் எத்திராஜுக்கு நாங்கள் வருவது தெரியாது. பொன்னேரியில் வழக்கம்போல் நின்றது. தூறல். வளைவில் நின்றதால் எஞ்சின் எங்கள் கண்ணில் படவில்லை. மெயில் போனதும் கிளம்பினோம். மழை வலுத்தது. கவரைப்பேட்டை சிக்னல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இரண்டு பக்கமும் நடவு வயல்களுக்கு நடுவே, வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

"இறங்கும்" என்றார் ஃபோர்மேன்.

ஜல்லியில் கால் இடற, குடையைக் காற்று பிய்க்க, வேகன்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம். எஞ்சினுக்குப் பக்கத்தில் எத்திராஜ் நின்றுகொண்டிருந்தார். எஞ்சினை ஆற்றுவதற்காகப் பளு இல்லாமல் வேகத்தை ஏற்றி வைத்திருந்தார். விதிப்படி சரியான காரியம். கூரைமேல் அவருடைய அசிஸ்டென்ட் கோவிந்து நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தான். ரேடியேட்டர் விசிறியின் வலைமேல் ஒரு கறுப்புத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. அடியிலிருந்து தள்ளும் காற்றில் அது பூரிபோல உப்பியிருந்தது.

எங்களைப் பார்த்ததும் எத்திராஜின் கணீர்க் குரல் எங்கோ போய்விட்டது. "வணக்கம் சார்... மழயில இன்னாத்துக்கு சார் நடந்துக்கினு..."

"மேல என்ன, மிஸ்டர் எத்திராஜ்?"

"ஓட்ட சார். மழத்தண்ணி உள்ள எறங்குதுன்னு தார்ப்பாய் போட்டுக்கினோம்."

"ஓட்டையைப் பார்க்கணுமே."

குடையை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த வெள்ளைச் சட்டையோடு ஏணிக் கம்பிகளைப் பிடித்து ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். "அந்த மூலையை அவிழும், மிஸ்டர் கோவிந்து" என்றார். கோவிந்து கீழே எத்திராஜைப் பார்த்தான். எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டார். கோவிந்து முடிச்சை அவிழ்த்தான்.

விசிறி முழு வேகத்தில் இருந்தது. அதுவரை அடைபட்டிருந்த அனல் காற்று அவ்வளவும் அந்த ஒரு மூலை வழியாகக் கிளம்பியது. தார்ப்பாய் பாய்மரம்போல எழுந்து நின்று, பட்டென்று அறுந்து, வயலுக்குமேல் பறந்தது. அதன் அடியிலிருந்து நெத்திலி புறப்பட்டது. நூற்றுக்கணக்கிலா ஆயிரக்கணக்கிலா என்று நான் எண்ணவில்லை. வலைக்குமேல் விரித்திருந்த கோணியிலிருந்து, அரைக் காய்ச்சலாகக் காய்ந்த நெத்திலி, வெள்ளியாக மினுங்கிக்கொண்டு, நேராக வானத்துக்குப் போயிற்று. ஒரு விநாடி அங்கேயே நின்றதுபோலக்கூட எனக்குத் தோன்றியது. அப்புறம் மழையோடு மழையாக இறங்கியது.

ஃபோர்மேனின் தலைமேல், தோள்மேல், என் சட்டைக்குள், எத்திராஜின் மீசையில், தண்டவாளத்தில், வயலில், எல்லா இடத்திலும் நெத்திலி. வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"அடியே, இன்னாடி இது, வானத்துலர்ந்து மீனு கொட்டுது!"

"பாத்துக்கினு நிக்கறியே, மடியில ரொப்புடி!"

எங்கிருந்தோ காக்கைகள் வந்துவிட்டன. இத்தனைக்கும் நடுவில் உள்ளே மணி அடிப்பது நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. எஞ்சின் ஆறிவிட்டது.

ஃபோர்மேன் சட்டைப் பையிலிருந்து ஒரு நெத்திலியை இரண்டு விரலால் எடுத்து, முகர்ந்து, இடது பைக் கைக்குட்டையை உருவி அதில் மடித்து வைத்துக்கொண்டார். எஞ்சின் சம்பந்தப்பட்டது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. கீழே இறங்கினார்.

எத்திராஜ் உடைந்துவிட்டார். பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காட்டில் அவருடைய மச்சான் வலை போடுகிறவர். வண்டி பொன்னேரியில் நிற்கும்போது மீன் கூடை எஞ்சினுக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் மீன் வந்து குவியும், காயவைக்க வெயில் இருக்காது. "கரையில மீனு அப்படியே அழுவிப் போவுது சார். குழி தோண்டிப் பொதைக்கறாங்க. எங்க ஊட்டுக்காரம்மா அழுவுறா. நானு பாத்தேன். சோறாக்க நெருப்பில்லன்னு திட்டிக்கினு இருந்தேனே, இதுக்குத் தலமேல இவ்ளோ அனல் வீணா போவுதேன்னு... சும்மா காயப் போட்டா எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல சார். மழ வந்தாத்தான் தார்ப்பாய் போட்டேன்."

அவர் சொன்னது உண்மை. வெறும் கோணியின் இழை வழியாகக் காற்று எப்படியோ போய்விடும். தார்ப்பாய் மூடியதும் மூச்சு முட்டிவிடும். மழை பெய்தால் மட்டும் சூடாகும் எஞ்சினின் ரகசியம் அவ்வளவுதான். ஷெட்டுக்கு வருமுன் கோவிந்து ஏறிப் பெருக்கித் துடைத்துவிடுவான். வாசனையைத் துடைக்கத்தான் அவனால் முடியவில்லை. அதைக் காக்கை கண்டுபிடித்தது, நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் மெமோ, என் சார்ஜ்மேன் உத்தரவு, என் கல்யாணம் எல்லாமும் ஒரு கூடை நெத்திலிக்கு அடியில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. "சார், இவர் பேரை எழுதுங்க சார்" என்றேன்.

"எழுதாதீங்க சார்" என்றார் எத்திராஜ். "பென்ஷன் பூடும் சார்."

"நான் பார்த்ததை எழுதுவேன்" என்றார் ஃபோர்மேன்.

மறுநாள் நான் வீட்டுக்குப் போனபோது நைனா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "கவரப்பேட்டயில மீனு மழ பேஞ்சுதாமேடா! நீ அந்தப் பக்கந்தான போய்க்கினு வர, பாத்தியா?"

"பாத்தேன் நைனா."

"நெத்திலியாம். அதுலயும் உப்பு போட்ட நெத்திலியாம்! பேயும்போதே உப்போட பேயுதுன்னா, கலி முத்திப் போச்சுடா."

ஃபோர்மேன் எழுதியது மூன்று வாக்கியம். விசிறியின் மேல் தார்ப்பாய் இருந்தது. அகற்றியதும் சூடு இறங்கியது. தார்ப்பாயின் அடியில் அந்நியப் பொருள் இருந்தது. அந்நியப் பொருள் என்றால் என்ன என்று மேலிடம் கேட்டது. விசாரணை வைத்தார்கள். விசாரித்த அதிகாரி வடநாட்டுக்காரர். கொஞ்சம் தமிழ் பேசுவார். நான், எத்திராஜ், ஃபோர்மேன் மூவரும் வரிசையாக நின்றோம்.

"அந்நியப் பொருள் எது?" என்று கேட்டார் அதிகாரி.

ஃபோர்மேன் வாயைத் திறப்பதற்குள் எத்திராஜ் ஓரடி முன்னால் வந்தார். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அந்நியம் இல்ல சார். நம்மூர்துதான். பழவேற்காடு."

"பழவேற்காடு?"

"நெத்திலி சார். நாந்தான் வெச்சேன். மூர்த்தி மேல தப்பு இல்ல. அவுரு நல்லாத்தான் தண்ணி பாத்துக்கினு இருந்தாரு."

அதிகாரிக்கு நெத்திலி புரியவில்லை. ஃபோர்மேன் இடது பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் பிரித்தார். இத்தனை நாளில் அது நன்றாகவே காய்ந்திருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், எத்திராஜின் மீசையைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவது எங்களுக்குத் தெரிந்தது. திரும்பியபோது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள மிகவும் சிரமப்பட்டார். அதற்குள் அறை முழுக்க வாசனை பரவிவிட்டது. தீர்ப்பு சீக்கிரம் வந்தது.

என் மெமோ ரத்து. எத்திராஜ் தானாக ஒப்புக்கொண்டதால் பென்ஷனுக்குக் கைவைக்கவில்லை. மெயின் லைனிலிருந்து எடுத்து, மிச்ச காலத்துக்கு எங்கள் ஷெட்டுக்குள்ளேயே எஞ்சின்களை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும் வேலையில் போட்டார்கள். மெயின் லைன் டிரைவருக்கு அதைவிட அவமானம் கிடையாது. எங்கள் கேங்கில் எல்லோரும் அவரைக் கேலி செய்யக் காத்திருந்தார்கள். நான்தான் முதல் ஆள்.

ஆனால் அவர் வந்த முதல் நாளே சாப்பாட்டு வேளையில் ஒரு பெரிய தூக்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். "எங்க ஊட்டுக்காரம்மா குடுத்தனுப்பினா. மூர்த்திக்குன்னு" என்று சொல்லி மூடியைத் திறந்தார். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. எனக்குக் கேலி செய்ய வரவில்லை, வாயில் எச்சில்தான் வந்தது. வட்டமாக உட்கார்ந்தோம். அந்த நேரம் பார்த்து ஃபோர்மேன் வந்து நின்றார். காதர் பாய் பாத்திரத்தைக் காக்கிச் சட்டையால் மூடப் பார்த்தார். குழம்பு வாசனையை எந்தச் சட்டையாலும் மூட முடியாது.

"மிஸ்டர் எத்திராஜ், இது எந்த எஞ்சின்ல காஞ்சது?"

"வெயில்ல காஞ்சது சார். போன சித்திரயில." எத்திராஜ் எழுந்து நின்றுவிட்டார். கொஞ்சம் தயங்கி, "எஞ்சின்ல காஞ்சது ஒண்ணுகூட வாயில வெக்க முடியல சார். ஒரே டீசல் நாத்தம். மச்சான் ஊட்ல பூனகூடத் துண்ணல. அல்லாத்தையும் கொட்டிட்டோம்" என்றார்.

நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். நின்றுபோன மெயில், தொழிற்சாலையின் புகார், என் மெமோ, விசாரணை, இத்தனையும் பூனை தின்னாத மீனுக்காகவா?

"எல்லாத்தையுமா?" என்றார் ஃபோர்மேன். "அப்போ ஏன் திரும்பத் திரும்பப் போட்டீரு?"

"அடுத்த தபா சரியா வந்துடும்னு நெனச்சேன் சார். மொதல்ல கோணிய மாத்திப் பாத்தேன். அப்பால உப்பக் கூட்டிப் பாத்தேன். அப்பால வேற தார்ப்பாய் வாங்கிப் போட்டேன். இன்னா பண்ணாலும் அதே நாத்தம்."

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் காதர் பாயைப் பார்த்தேன். நாங்கள் மாற்றிய பம்பு, மாற்றிய சுவிட்சு, பிரித்து மாட்டிய கிளட்ச்சு எல்லாம் எங்கள் நினைவுக்கு ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். முதலில் காதர் பாய்தான் சிரித்தார். பிறகு ஃபோர்மேன் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, அதை எந்தக் கைக்குட்டையால் துடைப்பது என்று தெரியாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நீரு ஆரம்பத்துலயே எங்க ஷெட்டுக்கு வந்திருக்க வேண்டிய ஆளு, மிஸ்டர் எத்திராஜ்" என்று சொல்லி, ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தார். "குழம்பு மிச்சம் இருக்கா?"